இரண்டாவது சொடுக்கு

பூட்டு இரண்டு முறை சொடுக்கியது. ஒரு முறைதான் சொடுக்க வேண்டும்.

பெரியவள் சமையலறையில் பால் பொங்கி வரக் காத்து நின்றிருந்தாள். வெளியே மதியத்திலிருந்து விடாத மழை. வாசல் நடையிலிருந்து முதல் சொடுக்கு கேட்டபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரகத்தி ஆபீசிலிருந்து வந்துவிட்டாள், வேறென்ன. குடையை உதறுகிற சத்தம், ஈரச் செருப்பு சுவரோரம் போய் விழுகிற சத்தம், "அத்தை, வந்துட்டேன்" என்கிற குரல், அதற்கு மாமியாரின் "வாடி கண்ணு, நனைஞ்சுட்டியா?" என்கிற கொஞ்சல். எல்லாம் அன்றாடம் கேட்பவைதான். ஓரகத்தி கூடத்தைத் தாண்டி மாடியேறி, அவள் அறைக்கதவு சாத்துகிற ஓசையும் வந்து அடங்கிய பிறகு, இன்னொரு சொடுக்கு.

அடுப்பைத் தணித்துவிட்டு நடைக்கு வந்து பார்த்தாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பூட்டின் மேல் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரையாவது சரிபார்த்து உள்ளே விட்டால்தான் அந்த விளக்கு எரியும். வெளிப்படியில் மழை தெறித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. தெருமுனை வரைக்கும் இல்லை. கதவிடுக்கு வழியே நுழைந்த குளிர் அவள் முழங்காலைத் தொட்டு, பிறகு தோளைத் தொட்டு, பிறகு கன்னத்தைத் தொட்டு, ஓர் ஆள் ஒதுங்கிப் போவதைப் போல அவளை உரசிக்கொண்டு போனது. நனைந்த துணியின் வாடை வந்தது. பச்சை விளக்கு அணைந்தது. அவள் கதவை அழுத்திச் சாத்தினாள்.

பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் அவளுக்கு வந்தது சந்தோஷம். அடிவயிற்றில் கிளம்பி உதட்டோரம் வரை வந்து நின்ற சந்தோஷம்.

'பிழை,' என்று நினைத்துக்கொண்டாள். 'ஓரகத்தி கட்டினதில் பிழை.'

அந்தப் பூட்டு கடையில் வாங்கியது அல்ல. அவர்கள் இருவரும் வேலை பார்த்த நிறுவனம் கதவுகளுக்கான சின்னக் கணினிகளைச் செய்து விற்றது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பலகை, அதில் ஓடுகிற லினக்ஸ், ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பாதுகாப்பு சிப். கார்டைக் காட்டினால் சிப் அதனிடம் ரகசியமாக ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால் 'ஆம்' என்று சொல்லும். பூட்டு சொடுக்கும். அந்தச் சிப்போடு பேசுகிற மென்பொருளை எழுதுகிறவர்கள் எங்கெங்கோ இருப்பவர்கள். அவர்கள் புதுப் பதிப்பு வெளியிடும்போதெல்லாம் அதை எடுத்து, இந்தப் பலகைக்குப் பொருந்தாத இடங்களில் பேட்ச் போட்டு, கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரி, மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டி, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். பேர் வாங்கித் தராத வேலை. கதவு திறந்தால் யாருக்கும் நினைவு வராது, திறக்காவிட்டால் எல்லோருக்கும் நினைவு வரும். பெரியவள் அந்த மென்பொருள் கட்டை, ஆபீஸ் பேச்சில் பேக்கேஜை, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்த்து வந்தாள். ஆபீசில் அவளுக்குப் பெயரே 'பூட்டக்கா'தான். மகளுக்குக் காய்ச்சல் கொதித்த நாளில்கூட அவளை மடியில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் பில்டை, அந்தக் கட்டும் வேலையை, ஓட்டி முடித்தவள்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வீட்டுக்குள் வந்தாள். அவளும் அதே படிப்பு. "நம்ம ஆபீஸ்லயே ஒரு வார்த்தை சொல்லேன்மா" என்றார் மாமியார். பெரியவள் சொன்னாள். சேர்த்தும் விட்டாள். கொழுந்தன் வெளிநாட்டு வேலைக்குப் போக, சின்னவள் மாடியறையில் தனியாக இருந்தாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் என்பதால் ஆபீசிலும் அவர்கள் பெரியவங்க, சின்னவங்க ஆனார்கள். அப்போதெல்லாம் அது வேடிக்கையாக இருந்தது.

பிறகு ஒன்றொன்றாக நழுவியது. மகள் கணக்குப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். "சித்தி சொல்லிக் குடுத்தா புரியுதும்மா. நீ கத்துற." மாமியார் தைலம் தேய்க்கச் சின்னவளைக் கூப்பிட்டார். "அவ கை பூ மாதிரி இருக்கு." கணவன்கூட, சாப்பாட்டு மேஜையில் சின்னவள் சொன்ன ஏதோ ஒரு வேடிக்கைக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். பெரியவள் சொல்லி அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆபீஸ் ஒன்றுதான் மிச்சம். அங்கேயும் ஒருநாள் மேலாளர் கூப்பிட்டார்.

"சிப் பேக்கேஜைச் சின்னவங்ககிட்டக் குடுத்துடுங்க. நீங்களும் எத்தனை நாளைக்கு இதையே கட்டிட்டு அழுவீங்க? கொஞ்சம் ஓய்வா இருங்க."

ஓய்வு. அந்த வார்த்தையை அவள் வீடு வரைக்கும் சுமந்து வந்தாள்.

ஒப்படைக்கிற நாளில் சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பேட்சையும் ஏன், எதற்கு என்று கேட்டாள். கேட்கும்போது நகத்தைக் கடிப்பாள். சிரித்தால் தெத்துப்பல் தெரிகிறது என்று கையால் வாயை மூடிக்கொள்வாள். ஒரு பேட்சில் வந்து நின்றாள்.

"அக்கா, இது மட்டும் புதுப் பதிப்புல ஒட்ட மாட்டேங்குது. எதுக்குப் போட்டீங்க இதை?"

பெரியவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சிப்பை முதன்முதலாகச் சோதித்த நாளில், ஒரே ஒரு கார்டைக் காட்டியதற்கு அது இரண்டு தடவை 'ஆம்' என்றது. முதல் 'ஆம்' உடனே. இரண்டாவது, மூச்சு ஒன்று விட்டு முடிக்கிற நேரம் கழித்து. கார்டு அப்போது அவள் பைக்குள் போயிருந்தது. யாரை 'ஆம்' என்கிறாய் என்று அவள் யோசித்தாள். யோசித்தபோது முதுகுப் பக்கம் கழுத்தோரம் சில்லென்றது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முறை உள்ளே விட்டவரை மறுபடி கார்டைக் காட்டாமல் இன்னொரு முறை விடாதே என்று நாலைந்து வரிகள் எழுதி, அந்த இரண்டாவது 'ஆம்' வராதபடி வாயடைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் அந்த நாலைந்து வரிகளை முதல் வேலையாக ஒட்டுவாள். எல்லாத் தாய்க்கும் ஒரு பிள்ளையின் நோய் மட்டும் மறக்காது இல்லையா, அப்படி.

"எதுக்குன்னு ஞாபகம் இல்ல" என்றாள் பெரியவள். "பழசு. தேவைப்படாது. தூக்கிடு."

சின்னவள் தூக்கினாள்.

அதெல்லாம் நடந்து, புதுப் பதிப்பு தயாராகி, வெள்ளோட்டமாக இவர்கள் வீட்டுப் பூட்டில் சின்னவளின் கார்டுக்கு மட்டும் அது ஏறிய நாள்தான் இரண்டாவது சொடுக்குக் கேட்ட நாள். மற்றவர்களுக்குக் கார்டு ஆகாது. "எனக்கு அந்தக் கண்கட்டு வித்தை வேணாம், இரும்புச் சாவி போதும்" என்று மாமியார் சொல்லிவிட்டார், கணவனும் மகளும் அந்தக் கட்சி. பெரியவளுடைய கார்டு பழைய பதிப்பிலேயே இருந்தது. அன்று மதியம் சோதனைக்கூடத்தில் சின்னவள் பெரியவளின் மேஜைப் பக்கம் வந்து தயங்கி நின்றிருந்தாள்.

"அக்கா, சிரிக்காதீங்க. கார்டு வெச்சுச் சோதிக்கும்போதெல்லாம் எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு. என்னை மாதிரியே மூச்சு விடற மாதிரி. நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"புது வேலைல அப்படித்தான் இருக்கும். நீதானே இப்பப் பொறுப்பு? பாத்துக்கோ."

 சின்னவள் நகத்தைக் கடித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலமும் சொடுக்கு இரண்டு. அதற்கடுத்த நாளும். பெரியவள் ஆபீசிலிருந்து முன்னதாகவே கிளம்பி வந்து சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். முதல் சொடுக்கில் சின்னவள் உள்ளே வருவாள். இரண்டாவது சொடுக்கு வரும்வரை பெரியவள் கரண்டியைக்கூடக் கீழே வைக்க மாட்டாள். வாயில் மிட்டாயை அடக்கி வைத்திருக்கிற பிள்ளையைப் போல அந்த ஓசைக்காகக் காத்திருப்பாள். மகளிர் விடுதிகளுக்காக ஒரு பெரிய ஒப்பந்தம் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. எல்லா அறைக்கதவிலும் இந்தப் பதிப்புதான் போகப்போகிறது. போகட்டும். ஆள் இல்லாமல் கதவுகள் திறந்துகொள்ளட்டும். அப்போது மேலாளர் யாரைத் தேடி ஓடி வருகிறார் பார்க்கலாம். 'பூட்டக்கா, நீங்கதான் காப்பாத்தணும்' என்று அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் காட்சியை அவள் படுக்கையில் புரண்டபடி விதவிதமாகப் பார்த்து ரசித்தாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த வாசல் நடை.

சின்ன நடைதான் அது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் செருப்பு அலமாரி. எத்தனை மழை பெய்தாலும் காயும் இடம். இப்போது அங்கே தரை காயவே இல்லை. மாமியார் துடைத்துக் களைத்துப்போனார். சுவரில் மனித உயரத்துக்கு ஈரம் ஊறியிருந்தது, யாரோ சாய்ந்து நின்ற இடம் போல. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பல்ப் மாற்றிப் பார்த்தார்கள், வெளிச்சம் கூடவில்லை. நனைந்த கூந்தலை வெயில் காட்டாமல் முடிந்து வைத்தால் வருமே, அந்தப் புழுங்கல் வாடை அலமாரிக்குள்ளிருந்தும் வந்தது. ஒருநாள் காலை பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். கணவன் நடையைக் கடக்கும்போது பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு போனான். கூட்டமான பேருந்தில் இறங்குகிறவனைப் போல. மகளும் அப்படியே போனாள். மாமியாரும்.

"ஏன்டி இப்படி நண்டு மாதிரிப் போறே?" என்று மகளைக் கேட்டாள்.

"இடிக்குதும்மா."

"என்ன இடிக்குது?"

மகள் நடையைத் திரும்பிப் பார்த்தாள்.  "தெரியல. இடிக்குது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

பெரியவள் நடையின் நடுவில் நின்று கையை நீட்டினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் கையை முழுதாக நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

சின்னவளோ நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு போனாள். அதுதான் பெரியவளின் தூக்கத்தைத் தின்றது. முகம் தேய்த்து வைத்த மாதிரி துலங்கியது. நகம் கடிப்பதில்லை. இப்போதெல்லாம் வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள், ஏனென்றால் மூடிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. தெத்துப்பல் நேற்றைவிட இன்று கொஞ்சம் உள்ளே போயிருந்தது. பல் டாக்டரிடம் போகிறாள், ரகசியமாகப் போகிறாள் என்று பெரியவள் நினைத்தாள். அவளுக்குப் பொறாமையில் கண் காந்தியது. அந்தக் காந்தலில் வேறு எதுவும் தெரியவில்லை. சூடான தேநீரை ஊதாமல் குடித்தாள் சின்னவள். நாக்கு சுடவில்லை. வெளிநாட்டிலிருக்கும் தன் கணவனிடமிருந்து தொலைபேசி வந்தால் முன்பு மாடி முழுக்க நடந்துகொண்டே பேசுவாள், இப்போது ஒரே இடத்தில் நின்று இனிமையாகப் பேசினாள். "என்ன பக்குவம் வந்துடுச்சு இந்தப் பொண்ணுக்கு, கண்ணு பட்டுடப் போகுது" என்றார் மாமியார். படட்டும் என்று நினைத்தவள் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் மனசாட்சி குத்தியது. விடுதிகளில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் தனித்தனி அறையில் படுத்துக்கொள்வார்கள். தானாகத் திறக்கிற கதவு. சிறுபிள்ளைத்தனமாக இதை வளர்த்துவிட்டோமோ என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்று மேலாளர் அறைவரை போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சின்னவள்.

"பெரியவங்களை வேற டீமுக்கு மாத்திடலாம்னு பாக்கறேன்" என்றார் மேலாளர். "உங்களுக்கும் சங்கடம் இல்லாம இருக்கும்."

"வேணாம் சார்" என்றது அந்த இனிமையான குரல். "பாவம், அக்கா. எங்கிட்டயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

பாவம்.

திட்டியிருந்தால் பெரியவள் உள்ளே போயிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் திரும்பிவிட்டாள். நாலைந்து வரிகள். அவற்றை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். 

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் சின்னவள் அவள் மேஜையருகே வந்தாள். அவளிடம் வாசனை எதுவுமே இல்லை என்பதைப் பெரியவள் முதன்முறையாக உணர்ந்தாள். எண்ணெய், சோப்பு, வேர்வை எதுவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் மாதிரி.

"அக்கா, வீட்டுப் பூட்டுல உங்க கார்டையும் புதுசுக்கு மாத்திட்டேன். பழசு இனிமே செல்லாது."

"எதுக்கு? யாரைக் கேட்டு மாத்தின?"

"நாளைக்கு விடுதிக்கெல்லாம் போகுதில்ல? அதுக்கு முன்னாடி எல்லாரும் மாறிட்டா நல்லது." அவள் சிரித்தாள். பற்கள் ஒரே வரிசையில், அளவெடுத்து வைத்தது போல. "நான் முன்னாடி போறேன்கா. மெதுவா வாங்க."

பெரியவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

உடனே கணவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "நீங்க வீட்டுக்குப் போயாச்சா? நான் வர்றப்போ உள்ளேயிருந்து கதவைத் திறக்கிறீங்களா?"

"ஏன், உன் பூட்டு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" அவன் சிரித்தான். "பெரிய பூட்டக்கான்னு பேரு."

"அதில்ல. வந்து..."

 சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். தூக்கிடு என்று சொன்னதையும்.

"சரி, வை" என்றாள்.

மழை வலுத்திருந்தது. தெருவிளக்குகள் அப்போதுதான் ஏற்றப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் மழை மட்டும் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்தபோது தன் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். சளக். சளக். நின்றாள். ஒரு சளக் கூடுதலாகக் கேட்டு ஓய்ந்தது. தெருவில் தண்ணீர் ஓடுகிற இரைச்சலில் அப்படிக் கேட்டிருக்கலாம். கழுத்தோரம் சில்லென்றது. இந்த முறையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே மணி அடிப்பது கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். சன்னல் வழியே கூடத்து வெளிச்சம் மஞ்சளாக ஈரப்படியில் விழுந்திருந்தது. தட்டு வைக்கும் ஓசை. மகளின் சிரிப்பு. மணியை அழுத்தியபடியே விரலை எடுக்காமல் நின்றாள். உள்ளே யாரோ "மழைல மணி தானா அடிக்குது பாரு" என்றார்கள். மாமியார் குரல்.

"அத்தை! நான்தான்! கதவைத் திறங்க!"

சிரிப்பு தொடர்ந்தது.

பின்னால் மூச்சுவிடும் ஓசை. அவளுடைய மூச்சுதான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஓசை நிற்கவில்லை.

அவள் ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? பின்னால்தான் தெரு. அவள் பையிலிருந்து கார்டை எடுத்தாள். அவசரத்தில் அது பூட்டில் இரண்டு மூன்று தடவை தட்டியது.

சொடுக்கு.

பச்சை விளக்கு.

கைப்பிடியைத் தொட்டாள். அதற்குள் அவள் தோளை, கன்னத்தை, காதை நனைத்துக்கொண்டு ஏதோ ஒன்று அவளைத் தாண்டிப் போனது. அவசரமில்லாமல். வீட்டுக்காரி போவது போல. கதவு திறந்தது. கதவு மூடியது.

அவள் வெளியே இருந்தாள்.

உள்ளே குடையை உதறும் சத்தம். செருப்புச் சத்தம். பிறகு அவளுடைய குரல், ஆனால் அவள் மறந்தே போயிருந்த ஒரு குரல், கல்யாணமான புதிதில் இருந்த குரல்.

"அத்தை, வந்துட்டேன்."

"வாம்மா கண்ணு" என்றார் மாமியார். "இப்படியா நனையறது? தலையைத் துவட்டு முதல்ல."

கண்ணு. அந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவளை மாமியார் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பெரியவள் கதவை அடித்தாள். கை வலித்தது. ஓசை எழவில்லை. கார்டை மறுபடி மறுபடி காட்டினாள். விளக்கு எரியவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். மழை அவள் மேல் விழுவதை நிறுத்தியிருந்தது. விழுந்துகொண்டுதான் இருந்தது, அவள் மேல் இல்லை.

நெடுநேரம் கழித்து, சொடுக்கு.

கதவு ஒரு சாண் திறந்தது.

அவள் அந்த ஒரு சாண் வழியே நுழைந்தாள். எப்படி நுழைந்தோம் என்று யோசிக்கவில்லை. நடையின் கோடியில் கூடம் தெரிந்தது. வெளிச்சமாக இருந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும். கணவன், மாமியார், சின்னவள், மகள். அவளுடைய நாற்காலியில் அவள், தலையில் துண்டு சுற்றிக்கொண்டு. முகம் தேய்த்து வைத்த மாதிரி. மகளின் கணக்கு நோட்டு அந்தக் கையருகே திறந்திருந்தது. மகள் அந்தத் தோளில் சாய்ந்திருந்தாள். கத்தாத அம்மாவின் தோளில். அது என்னவோ சொன்னது. கணவன் புரையேறச் சிரித்தான். சின்னவள் அதன் தலையில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள். எல்லோரும் எவ்வளவு நிம்மதியாக இருந்தார்கள்.

"அம்மா, கதவு தானா திறந்துக்கிச்சு" என்றாள் மகள்.

"இரு, நான் பாக்கறேன்."

அது எழுந்து வந்தது. நடைக்குள் நுழைந்ததும் பக்கவாட்டில் திரும்பி, இடிக்காமல், கவனமாக நடந்தது. பெரியவளின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அதன் கண்கள் அவளைப் பார்த்தன. பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ள முடியாதபடி பார்த்தன. அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பொறாமை இல்லை.

"பாவம்" என்றது, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கதவை அழுத்திச் சாத்திவிட்டு மேஜைக்குத் திரும்பிப் போனது.

பெரியவள் கத்தினாள். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கூடத்துக்குள் ஓட முயன்றாள். நடை முடிகிற இடத்தில் கால் அதற்கு மேல் போகவில்லை. வெளிச்சத்தின் ஓரம் வரைதான். வெளிச்சம் சுவர் மாதிரி நின்றது. அவள் கதவுவரை பின்வாங்கினாள்.

அப்போது முழங்கையில் ஈரமாக ஒன்று பட்டது.

திரும்பினாள். இந்த முறை திரும்பிப் பார்த்தாள்.

சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் ஒட்டி, செருப்பு அலமாரி வரைக்கும் நின்றிருந்தார்கள். எல்லோரும் சின்னவள், சாயங்காலத்துக்கு ஒருத்தி. எல்லோருக்கும் கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோடியில் நின்றவள் அன்று ஆபீசுக்குக் கட்டி வந்த சேலையில், கடைந்தெடுத்த அழகோடு, வாய் திறந்தபடி, எதுவும் புரியாமல் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் அப்படியே. அதற்கு முன்னால் நின்றவளும். ஒவ்வொருத்தியாகக் கதவுப் பக்கம் வர வர அழகு குறைந்து, முகம் பழகியதாகிக்கொண்டு வந்தது. கதவுக்கு மிக அருகில், பெரியவளின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, தெத்துப்பல்லோடு ஒருத்தி நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தாள். மற்றவர்களைவிட அவள் அதிக நாள் நனைந்திருந்தாள். உள்ளங்கை ஊறி வெளுத்து, தோல் மடிந்திருந்தது.

அவள் பெரியவளைப் பார்த்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள், வெட்கப்படுகிற மாதிரி. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நகந்துக்கோங்க" என்றாள் மெதுவாக. "அக்கா வந்துட்டாங்க."

ஈரச் சேலைகள் சுவரில் உரசின. ஒருத்தியை ஒருத்தி நெருக்கிக்கொண்டு, அவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சுவரோரத்தில் சரியாக ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார்கள்.